தயிர்சோறு கலக்கிய கை

எங்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆய்வகம் முதல் மாடியில் கடைசி அறை. அங்கே நீராவியால் கிருமி நீக்கும் பெரிய ஆட்டோகிளேவ் ஒன்று இருந்தது. நான் படித்த ஆண்டுகளில் அது ஒருநாளும் ஓடவில்லை. அதன் மேல் நாங்கள் கைப்பைகளை வைப்போம். கண்ணாடித் தட்டுகளையும் ஊடகங்களையும் கிருமி நீக்கும் வேலையை இரண்டு பிரஷர் குக்கர்கள் செய்தன. காலையில் படியேறும்போதே விசில் கேட்கும். கூடவே இறைச்சிச் சாறு வேகும் வாசனை வரும். கிருமிகளை வளர்க்கும் ஊடகத்தில் அதுதான் முக்கியச் சரக்கு. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் தோழிகள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே வருவார்கள்.

முதல் செய்முறை வகுப்பில் எங்கள் விரல்களையே சோதித்தோம். ஜெல்லி போல உறைந்த ஊடகத்தின் மேல் ஒரு பாதியில் கழுவாத விரலை அழுத்த வேண்டும், மறு பாதியில் கழுவிய விரலை. மறுநாள் பார்த்தபோது சிலரின் தட்டில் கழுவிய பக்கத்தில்தான் புள்ளிகள் அதிகம். தேய்க்கும்போது தோல் மடிப்புக்குள் இருப்பவை மேலே வந்துவிடுமாம்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் தோழி, "அப்ப கழுவாமலே இருந்துடலாமா மேடம்? தண்ணியாவது மிச்சம்" என்றாள். வகுப்பு சிரித்தது.

பேராசிரியை சிரிக்கவில்லை. "கழுவு. கழுவிட்டோம்னு நம்பிடாத" என்றார்.

மூன்றாம் ஆண்டில் ஆளுக்கொரு சிறிய ஆய்வு செய்ய வேண்டும். குளத்து நீர், பேருந்து நிலையத்துக் குடிநீர்க் குழாய், செங்கம் சாலை விடுதிகளின் தலையணை உறை என்று ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்தார்கள். பௌர்ணமி அன்று அன்னதானம் சமைப்பவர்களின் கைகளை நான் எடுத்தேன். எங்கள் வீட்டு ஆட்களே அந்த வேலை செய்கிறார்கள், அலைச்சல் மிச்சம் என்பதுதான் காரணம்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. நெல்லும் மணிலாக் கொட்டை என்கிற வேர்க்கடலையும் போடும் குடும்பம். பௌர்ணமிதோறும் பாதையோரம் பந்தல் போட்டுச் சோறு போடுவது எங்கள் பங்காளிகளின் வழக்கம். சாம்பார் சோறு ஒரு அண்டா, தயிர்சோறு ஒரு அண்டா. சாம்பார் சோற்றை யார் வேண்டுமானாலும் கிண்டலாம். தயிர்சோற்றை அப்பா மட்டும்தான் கலப்பார். கரண்டி கிடையாது. முழங்கை வரை கழுவிக்கொண்டு, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு, ஆறிய சோற்றில் இரண்டு கையையும் விட்டுக் கட்டி இல்லாமல் பிசைவார். பிசைந்தபின் தாளித்துக் கொட்டியதை மறுபடி ஒருமுறை கையால் புரட்டுவார்.

அது ஒரு வேண்டுதல். கல்யாணத்துக்கு முன்பு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து வாரக்கணக்கில் இறங்காமல் கிடந்தார். பிழைத்து எழுந்தால் மலை சுற்ற வருகிறவர்களுக்குத் தன் கையால் சோறு பிசைந்து போடுவதாக வேண்டிக்கொண்டார். எழுந்தார். அதன்பின் அவர் பௌர்ணமியைத் தவறவிட்டதில்லை. கொரோனா காலத்தில் கிரிவலத்துக்குத் தடை இருந்தபோதுகூட வீட்டில் ஒரு குண்டானில் கலந்து தெருவில் உள்ளவர்களுக்குக் கொடுத்தார். ஊரில் அவருக்குப் பதவி எதுவும் இல்லை, பெரிய நிலமும் இல்லை. தயிர்சோத்துக்காரர் என்றால் அவர். அதுதான் அவருக்கு இருந்த பெயர்.

கை மாதிரி எடுப்பதில் சிக்கல் வரவில்லை. நனைத்த பஞ்சுக் குச்சியால் விரலிடுக்கிலும் நகத்தடியிலும் தேய்த்தால் முடிந்தது. ஆனால் பேராசிரியை, கையில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் மல மாதிரியும் வேண்டும் என்றார். சிறு டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டியருகே உட்கார்ந்திருந்த பங்காளிகளிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் அப்பாவின் தம்பி முறையான சித்தப்பா எழுந்தே விட்டார்.

"இன்னாமா இது! காலேஜுக்கு அனுப்பிச்சா ஊசி போட கத்துக்குவன்னு பாத்தோம். நீ டப்பா எடுத்துகினு பீ கேக்க வந்துட்ட?"

"கையில எவ்ளோ வேணுமோ எடுத்துக்கோ. அத மட்டும் கேக்காத" என்றார் இன்னொருவர்.

"எங்க ஊட்ல தெரிஞ்சா சிரிச்சே சாவடிப்பா" என்றார் மூன்றாமவர்.

"டப்பா ரொம்ப சின்னதா இருக்குதே, இவனுக்கு அண்டாவே பத்தாதே" என்று சித்தப்பா அவரைக் காட்டிச் சொல்ல, தொட்டியடியில் ஒரே சிரிப்பு. நான் பையை மூடினேன். அப்பா கையை நீட்டினார்.

"குடுமா ஒண்ணு."

"ணா, உனக்கு வேற வேல இல்லியா?" என்றார் சித்தப்பா.

"படிப்புக்குக் கேக்குது. குடுத்தா இன்னா கொறஞ்சா போவுது?"

அவர் வாங்கிய பிறகு இன்னும் இரண்டு பேர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வாங்கினார்கள். சித்தப்பா கடைசிவரை வாங்கவில்லை. மறுநாள் காலை என் ஸ்கூட்டியின் கொக்கியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. உள்ளே செய்தித்தாளில் சுற்றிய டப்பா. "ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா போ" என்றார் அப்பா.

டப்பாக்களில் பெயர் கூடாது, எழுத்து மட்டும் போட வேண்டும் என்பது ஆய்வக விதி. மாதிரியை முதலில் ஒரு திரவத்தில் வளர்த்து, பிறகு வெளிர்பச்சை நிறத்தில் உறைந்த ஒரு ஊடகத்தில் இழுத்துவிட வேண்டும். டைபாய்டு கிருமி இருந்தால் அதில் கறுப்பாக முளைக்கும். இரண்டு நாள் கழித்து அடைகாப்புப் பெட்டியைத் திறந்தேன். மற்ற தட்டுகளில் சொல்லும்படி எதுவுமில்லை. ஒன்றில் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. பென்சிலை அழுத்தித் தேய்த்த தாள் போல அந்தக் கறுப்பின் மேல் ஓர் உலோக மினுக்கு. பாடநூலின் வண்ணப் படத்தில் பார்த்தது அப்படியே இருந்தது. அது என்ன எழுத்து என்று பார்க்கும் முன்பு எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. படத்தில் உள்ள ஒன்று என் தட்டில் முளைத்திருக்கிறது என்ற சந்தோஷம். பிறகு தட்டைத் திருப்பி அடியில் இருந்த எழுத்தைப் பார்த்தேன்.

பேராசிரியை கையுறை மாட்டிக்கொண்டு தட்டை வாங்கினார். மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். "யாருது?"

"எங்க அப்பா, மேடம்."

அடுத்த சோதனையைப் பேராசிரியையே செய்தார். சாய்வாக உறைந்த ஊடகம் உள்ள குழாயில் கிருமியைக் குத்திவிட்டு மறுநாள் பார்ப்பது அது. மறுநாள் குழாயின் சரிவு சிவப்பாகவும் அடிப்பாகம் மஞ்சளாகவும் இருந்தன. இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு, டைபாய்டு கிருமிக்கு உரிய அடையாளம். குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே, "பெரிய லேபுக்கு அனுப்பி உறுதி பண்ணணும். ஆனா நீ வீட்ல சொல்லிடு. இனிமே இது ப்ராஜெக்ட் இல்ல. உங்க அப்பா பேஷன்ட்" என்றார்.

நாள்பட்ட கடத்தி என்பது எங்களுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி. டைபாய்டு வந்து தேறியவர்களில் ஒரு சிலரின் பித்தப்பையில் கிருமி தங்கிவிடும். அங்கே கல் இருந்தால் அதில் பற்றிக்கொள்ளும். அவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. மலத்தில் விட்டு விட்டு வெளியேறும். அவர் சமைப்பவராக இருந்தால் மற்றவர்களுக்குப் பரவும். இந்த விடையை அடிக்கோடிட்டு, பித்தப்பையின் படம் போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த பௌர்ணமிக்கு மூன்று வாரம் இருந்தது. சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் பின்கட்டில் விதைக்கு மணிலா உரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து உரித்தேன். பிறகு சொன்னேன்.

"எனக்குக் காய்ச்சலே இல்லியேமா."

"காய்ச்சல் இருக்காதுப்பா. அது உள்ள சும்மா உக்காந்துகினு இருக்கும். உங்கள ஒண்ணும் பண்ணாது."

"அப்புறம் இன்னா?"

"வெளிய வரும். கையில ஒட்டும். கையில இருந்து சோத்துக்குப் போவும். கொதிக்கிற சாம்பார்ல செத்துடும். ஆறுன சோத்துல சாவாது."

வாய்க்குக் கொண்டுபோன கொட்டையை அவர் போடவில்லை. அதைத் திரும்பத் தட்டில் வைக்கப் போனவர் பாதியில் நிறுத்தி, தனியாகத் தரையில் வைத்தார்.

"நான் நல்லா கழுவிட்டுதானே கலக்கறேன்."

"கழுவுனா கம்மியாவும்பா. இல்லாம போவாது."

அம்மா உரிப்பதை நிறுத்தியிருந்தார். கல்யாணமான புதிதில் அம்மாவுக்கு டைபாய்டு வந்தது. என் தம்பிக்குப் பத்தாவது படிக்கும்போது வந்தது. அரையாண்டுத் தேர்வு எழுதாமல் படுத்திருந்தான். இரண்டும் அவர் நினைவுக்கு வந்துவிட்டன என்பது முகத்தில் தெரிந்தது.

"நான் இத்தினி வருசமா கெணத்தையில்ல திட்டினு இருந்தேன்" என்றார்.

அப்பா தலையைத் தூக்கவில்லை. அது அவரால் வந்தது என்று நிரூபிக்க வழியில்லை; கிணற்றிலிருந்தும் வந்திருக்கலாம், கடைத் தின்பண்டத்திலிருந்தும் வந்திருக்கலாம். பின்னாளில் நான் செய்தித்தாளில் வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் கற்றுக்கொண்டது, நிரூபிக்க முடியாததை எழுதக் கூடாது என்பது. நிரூபிக்க வழியில்லை என்பதை அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "நான் இப்ப கோர்ட்டுக்கா போவப் போறேன்? சும்மா சொன்னேன்" என்று மறுபடி உரிக்கத் தொடங்கினார்.

அப்பாவின் கேள்வி வேறாக இருந்தது.

"மல சுத்த வந்தவங்களுக்கு?"

"தெரியலப்பா. சாப்ட்ட ஒடனே வராது. ஒரு வாரம் ஆவும், சில பேருக்கு ரெண்டு மூணு வாரம்கூட ஆவும்."

"அதுக்குள்ள ஊருக்குப் போயிருப்பாங்க."

"ஆமா."

"எந்த ஊருக்கு?"

எங்கள் பந்தலில் சென்னைக்காரர்கள் சாப்பிடுவார்கள். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் சாப்பிடுவார்கள். ஆந்திராவிலிருந்து வேன் வைத்து வருகிறவர்கள் கைக்குழந்தைக்கும் அந்தத் தயிர்சோற்றையே மசித்து ஊட்டுவார்கள். யாரும் பெயர் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு மலையைப் பார்த்து நடப்பார்கள். ஊர் திரும்பிய ஒருவருக்குக் காய்ச்சல் வந்திருந்தால் பழி அந்த ஊர்த் தண்ணீரின் மேல் போயிருக்கும். எங்கள் பந்தலை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். தேடிப் போகவும் வழி கிடையாது.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவரே யோசித்திருப்பார். அன்று இரவு தன் தட்டையும் சொம்பையும் தனியாக எடுத்துப் பின்கட்டு அலமாரியில் வைத்தார். அது தேவையில்லை என்று நான் சொன்னதும் தலையாட்டினார். ஆனால் திரும்ப எடுத்து வைக்கவில்லை.

பெரிய ஆய்வகத்தின் முடிவும் அதையே சொன்னது. நான் அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். மருத்துவர் தாளைப் படித்துவிட்டு, "எப்பவாவது டைபாய்டு வந்திருக்கா? ரொம்ப நாள் இறங்காத காய்ச்சல்?" என்று கேட்டார்.

"வந்துச்சு சார், கல்யாணத்துக்கு முன்ன. அது எறங்குனதுக்குத்தான் சார் நான் சோறே போடறேன்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டுதலைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். கடவுள் நம்பிக்கை உள்ளவராக இருந்திருக்க வேண்டும். அடுத்து சொல்ல வேண்டியதைச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. நீண்ட நாள் மாத்திரை, வயிற்று ஸ்கேன், பித்தப்பையில் கல் இருந்தால் அறுவை சிகிச்சை. எல்லாம் முடிந்து தொடர்ந்து மூன்று மாதிரிகளில் கிருமி இல்லை என்று வரும்வரை மற்றவர்களுக்கான சாப்பாட்டைத் தொடக் கூடாது.

"ஒரு கலப்பு மட்டும் சார்? சோப்பு போட்டு கழுவிட்டு?"

"வேணாம்."

"சரி சார்."

வீட்டில் அம்மா ஒரு வழி சொன்னார். "தோள்பட்ட வலின்னு சொல்லிடுங்க. யாரு கேக்கப் போறாங்க?"

"வலின்னா அடுத்த மாசம் சரியாப் போச்சான்னு கேப்பாங்க. அப்ப இன்னா சொல்றது?" என்றார் அப்பா.

பௌர்ணமிக்கு முதல்நாள் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்த பங்காளிகளிடம் அவர் நேராகச் சொன்னார். சொல்லும்போது நான் பக்கத்தில் நின்றேன். "என் வயித்துல டைபாய்டு கிருமி இருக்குதாம். பொண்ணு லேப்ல பாத்துச்சு, டாக்டரும் ஆமான்னுட்டாரு. நான் சோத்துல கை வைக்கக் கூடாது."

ஒருவரும் நம்பவில்லை. சித்தப்பாவுக்குக் கோபமே வந்தது.

"ணா, அண்ணாமலையார் பேரச் சொல்லிப் போடற சோறு. அதுல போயி கிருமி எங்க இருந்து வரும்? உங்கையால சாப்ட்டு செத்தவன் ஒருத்தன காட்டு பாப்போம்."

"காட்ட முடியல. அதான் பயமா இருக்குது."

ஒருவர் கடப்பாரையைத் தரையில் ஊன்றிவிட்டு, "அப்ப தயிர்சோறு?" என்றார்.

"நான் கலக்கறேன்" என்றார் சித்தப்பா.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "நீங்க டெஸ்ட்டுக்கே குடுக்கலியே சித்தப்பா" என்றேன்.

"நான் டப்பா குடுக்கல. அதனால எனக்கு இல்ல" என்றார் அவர். சுற்றிலும் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் சொன்னதைச் சிரிப்பாகச் சொல்லவில்லை. அவர் கணக்கில் கிருமி என்பது டப்பாவுக்குள் போனபிறகு உண்டாவது. அதை வெறும் அறியாமை என்று என்னால் தள்ள முடியவில்லை. அந்த டப்பா இல்லாவிட்டால் என் அப்பா அந்தப் பௌர்ணமியும் கலந்திருப்பார், அதற்கடுத்ததும் கலந்திருப்பார்.

அந்தப் பௌர்ணமியில் அப்பா பந்தலின் மறு ஓரத்தில், விறகு அடுக்கியிருந்த பக்கம், துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சித்தப்பா கலந்த சோறு இடையிடையே கட்டி கட்டியாக நின்றது. வழக்கமாக வரும் ஒரு சிலர் அதைக் கண்டுபிடித்து, "அவரு இல்லியா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு அப்பாவைக் காட்டினார்கள். அவர் எழுந்து கும்பிட்டார்.

பிறகு நடந்தது விசித்திரமானது. கிருமியே இல்லை என்று சாதித்தவர்கள்தான் முதலில் ஒதுங்கினார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது நின்றது. பக்கத்துத் தெருவில் ஒரு காதுகுத்து விருந்தில் அப்பா குடித்த டம்ளரை ஒரு பெண் முந்தானையால் பிடித்து எடுத்துப் போய்த் தனியாகக் கவிழ்த்து வைத்தார். அப்பா அதைப் பார்த்தார். ஒரு டம்ளரைத் தொட்டால் டைபாய்டு ஒட்டிக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும். அந்தப் பந்தியில் எழுந்து நின்று அதை யாரிடம் சொல்வது? ஆய்வகத்தில் நான் கற்றது என் வீட்டுக்குள் வந்து சேர்ந்த விதம் இது. பரவும் வழிகளைப் பற்றிய அட்டவணை எனக்கு மனப்பாடம். ஒரு சொல் ஊருக்குள் எப்படிப் பரவும் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

ஸ்கேனில் கல் இருந்தது. மாத்திரை முடிந்தபின் அரசு மருத்துவமனையில் பித்தப்பையை எடுத்தார்கள். அங்கே படுத்திருந்த இரண்டு நாளும் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் சித்தப்பாதான். எடுத்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். பச்சையும் பழுப்புமாக, பருப்பு அளவில். சித்தப்பா அதைக் குலுக்கிப் பார்த்து, "இதுக்கா இவ்ளோ அமக்களம்? அரிசியில பொறுக்கிப் போடற கல்லு மாதிரி இருக்குது" என்றார். அப்பா வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு, எரிக்கும் கழிவோடு போட்டுவிடச் சொன்னார்.

என் ஆய்வுக்குப் பேராசிரியை வேறு தலைப்பு கொடுத்தார். கல்லூரி விடுதிக் குழாய்த் தண்ணீரைச் சோதித்து எழுதிச் சமர்ப்பித்தேன். அப்பாவின் மாதிரிகள் பெரிய ஆய்வகத்துக்குப் போயின. முதலாவது கிருமி இல்லை என்று வந்தது. இடைவெளி விட்டு இரண்டாவது. மறுபடி இடைவெளி விட்டு மூன்றாவது. மூன்றும் அப்படியே. மருத்துவர் அவரிடம் இனி தாராளமாகச் சமைக்கலாம் என்றார். முடிவுகளைப் பேராசிரியையிடம் காட்டினேன். அவர் சந்தோஷப்பட்டார். "நல்ல செய்தி" என்றார். பிறகு, அவர் சுபாவப்படி, ஒன்றைச் சேர்த்தார். "நெகட்டிவ்னா, அன்னைக்கு அந்த டப்பாவுல இல்லைனு அர்த்தம். மூணு தடவை இல்லைன்னா பெரும்பாலும் போயிடுச்சுன்னு அர்த்தம். பெரும்பாலும். அதுக்கு மேல சொல்ல நம்மகிட்ட சோதனை இல்ல." அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நான் வீட்டில் சொல்லவில்லை. மருத்துவர் சொன்னதை மட்டும் சொன்னேன்.

அடுத்த பௌர்ணமி அன்று மத்தியானமே அப்பா குளித்துவிட்டார். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார். பந்தலுக்கு நாங்கள் போனபோது பாதையில் கூட்டம் தொடங்கியிருந்தது. செருப்பில்லாத கால்கள் தாரின் சூட்டுக்கு ஓரமாக ஒதுங்கி நடந்தன. வடித்த சோறு அண்டாவில் ஆறிக்கொண்டிருந்தது. தயிர்க் கேன்கள் வரிசையாக இருந்தன. சித்தப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றவர் அப்பாவைக் கண்டதும் விலகி வழிவிட்டார்.

"வா ணா. நான் பெசஞ்சத தின்னுட்டு ஜனங்க ஆறு மாசமா சாமிகிட்ட என்னப் பத்திதான் கம்ப்ளெயின்ட் குடுக்குது. எடுத்துக்கோ உன் அண்டாவ."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் தண்ணீர் மொண்டு ஊற்ற, அப்பா சோப்பு போட்டு முழங்கை வரை கழுவினார். மறுபடி கழுவினார். மூன்றாவது முறை சோப்பைக் கேட்டபோது சித்தப்பா, "தோலே வந்துரும், போதும் வா" என்றார். விபூதி இட்டுக்கொண்டார். தயிரை ஊற்றச் சொன்னார். ஊற்றினார்கள். அண்டாவின் முன் நின்றுகொண்டு, கைகளை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி, என் பக்கம் திரும்பினார்.

"கலக்கலாமாமா?"

மருத்துவர் கலக்கலாம் என்று சொல்லியிருந்தார். தாள்கள் மூன்றும் என் பையில் இருந்தன. பதில் ஒரே சொல். அதை நான் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. ஒரு மூச்சு நேரம் இருக்கும். அதற்குள் என் மனதில் என்ன ஓடியது என்று இப்போதும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. வேன்களில் வரும் கைக்குழந்தைகளாக இருக்கலாம். வெளிர்பச்சைத் தட்டாகவும் இருக்கலாம்.

"கலக்கலாம்பா."

அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் இல்லை. வருத்தம்கூட இல்லை, ஒரு கணக்கு சரியாக வருகிறதா என்று பார்ப்பவரின் முகம் அது.

"யோசிச்சியே" என்றார்.

"இல்லப்பா, டாக்டரே சொல்லிட்டாரு…"

"அவுரு சொன்னாரு. நீ யோசிச்ச."

கைகளை இறக்கினார். ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சித்தப்பா என்னை முறைத்தார். "இன்னாமா நீ, ஆமான்னு பட்டுனு சொல்ல வேண்டியதுதானே!" பிறகு அப்பாவின் தோளைப் பிடித்தார். "ணா, பொண்ணு சின்னது. அதுக்கு இன்னா தெரியும்? நீ கலக்கு. வேண்டுதல் இருக்குதில்ல?"

"அதுக்குத் தெரியும்டா. அதுக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார் அப்பா. "வேண்டுதல நான் அண்ணாமலையாருகிட்ட பேசிக்கறேன். அவரு இந்த ஊர்லதான இருக்காரு. சாப்ட்டுப் போனவங்கள எங்க போயி கேக்கறது?"

சித்தப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து சோற்றில் விட்டார். இந்த முறை அவசரப்படாமல், ஒவ்வொரு கட்டியாக நசுக்கி நசுக்கிப் பிசைந்தார். அப்பா விறகுப் பக்கம் போகவில்லை. சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுப் போட்ட பாக்குமட்டைத் தட்டுகளைப் பொறுக்கப் போனார். பந்தல் ஆரம்பித்ததிலிருந்து அந்த வேலையை யாராவது கூலிக்குத்தான் செய்வார்கள். குனிந்து, தட்டு மேல் தட்டாக அடுக்கி, சாக்கில் போட்டார். ஒருவர் தடுக்கப் போனார். அப்பா நிமிரவில்லை.

இருட்டத் தொடங்கியபோது சாலையோரக் கல்லில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு வயதிருக்கும் பிள்ளை. ஆந்திராப் பக்கம் போலிருந்தது, பேச்சில் தெரிந்தது. அருகில் சாக்கோடு போன அப்பாவிடம் காலித் தட்டை நீட்டி, பிள்ளையைக் காட்டி, "கொஞ்சம் பெருகு அன்னம், ஐயா" என்றார்.

அப்பாவின் கை தட்டை நோக்கிப் போனது. தொடும் முன்பே நின்றது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, பந்தல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இங்க ஒரு தயிர்சோறு. கொழந்தைக்கு. கட்டி இல்லாத பக்கமா பாத்து எடுத்தாங்க."

நான் ஒரு புதுத் தட்டில் வாங்கிக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். பிள்ளை முதல் வாயை வாங்கி விழுங்கும்வரை அப்பா அங்கேயே நின்றார். பிறகு சாக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போனார்.